முள் இறங்கும் வரை

அந்தத் தெருவில் போய் ‘ரேடியோ’ என்று கூப்பிட்டால் ஒரு பத்து வயதுப் பெண்தான் திரும்பிப் பார்ப்பாள். பள்ளிக்கூடத்துப் பதிவேட்டில் அவளுக்கு அழகான பெயர் ஒன்று உண்டு. ஆனால் காலையில் கண் விழித்ததும் ஆரம்பிக்கிற பேச்சு இரவு கண் மூடும்வரை ஓயாது என்பதால், அந்தப் பெயர் பதிவேட்டிலேயே தங்கிவிட்டது. தூக்கத்திலும் இரண்டு வார்த்தை பேசுவாள் என்று அவள் அம்மா அடித்துச் சொல்வாள்.

அந்த ரேடியோ இப்போது நான்கு மாதமாகப் பேசுவதில்லை. ஏதாவது கேட்டால் பதில் வரும். ஒரு வார்த்தை போதுமென்றால் இரண்டாவது வார்த்தை வராது. நான்கு மாதத்துக்கு முன்னால்தான் அவள் அம்மா இறந்துபோனாள். துக்க வீட்டுக் குழந்தை வாய் மூடிக் கிடப்பதில் என்ன அதிசயம் என்று தெருவும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவர்கள் வீட்டின் முன்பாதி சலவைக்கூடம், பின்பாதி குடியிருப்பு. குன்றின் மேல் இருக்கும் மருத்துவமனையின் படுக்கை விரிப்புகளும் தலையணை உறைகளும் அங்கேதான் வெளுத்தன. துவைப்பது இயந்திரம். தேய்ப்பதும் மடிப்பதும் அப்பா. அப்பா மடித்த விரிப்பின் ஓரத்தை வைத்து நோட்டில் கோடு போடலாம், அவ்வளவு நேராக இருக்கும்.

மூட்டைகளைக் குன்றின் மேல் ஏற்றிப்போய்க் கொடுப்பதும், அழுக்குத் துணியை அள்ளிக்கொண்டு வருவதும் அம்மாவின் வேலை. ஒரு நாளைக்கு இரண்டு நடை. அதற்காகவே ஒரு டீசல் பிக்கப் வண்டி வைத்திருந்தார்கள். அதற்கு அம்மா வைத்த பெயர் ‘மாப்பிள்ளை’.

“வேளாவேளைக்குக் கவனிக்கணும். ஒரு நாள் கவனிக்கலைன்னா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கும்,” என்பாள்.

அம்மா கவனித்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊரே போர்த்திக்கொண்டு படுத்திருக்கும்போது அவள் மாப்பிள்ளைக்கு அடியில் படுத்திருப்பாள். எண்ணெய் அளவு பார்ப்பாள். காற்று வடிகட்டியைத் தட்டித் தூசி எடுப்பாள். புகைக் குழாயின் திருகுகள் தளர்ந்திருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகத் திருகிப் பார்ப்பாள். முகத்தில் கரியோடு வெளியே வந்து, “மாப்பிள்ளை சௌக்கியம்,” என்று அறிவிப்பாள்.

ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் அம்மா தனியாக ஒரு வட்ட மீட்டர் பொருத்தியிருந்தாள். எஞ்சினிலிருந்து வெளியேறும் புகை எவ்வளவு சூடாக இருக்கிறது என்று காட்டும் மீட்டர் அது. அதன் கண்ணாடியில் நகப்பூச்சால் இரண்டு கோடு போட்டிருந்தாள். மேலே தடியாக ஒன்று, கீழே மெல்லியதாக ஒன்று. அம்மா தன் வாழ்நாளில் நகப்பூச்சு வாங்கியது அந்த ஒரே தடவைதான். அதையும் மீட்டருக்குப் பூசிவிட்டாள்.

முள் தடிக் கோட்டைத் தொட்டால் கியரைக் குறைக்க வேண்டும். வண்டியை நிறுத்திய பிறகு, முள் மெல்லிய கோட்டுக்கு இறங்கும்வரை எஞ்சினை அணைக்கக் கூடாது, இருக்கையை விட்டு இறங்கவும் கூடாது. இரண்டே சட்டம்.

“ஏம்மா அணைக்கக் கூடாது?” என்று ரேடியோ ஒரு தடவை கேட்டாள்.

“புகைக் குழாய்ல டர்போன்னு ஒரு சின்னச் சக்கரம் சுத்துது. மேடு ஏறி வந்ததும் அது நெருப்பா இருக்கும். எஞ்சின் ஓடினாத்தான் எண்ணெய் உள்ள போயி அதை ஆத்தும். பட்டுனு அணைச்சா எண்ணெய் அங்கேயே நின்னு கருகிப்போயிடும். அதான் அதுக்கு மூச்சு வாங்கக் கொஞ்ச நேரம் குடுக்கறோம்.”

குன்றை விட்டு இறங்கினாலும் அவர்கள் தெருவுக்கு வர மறுபடியும் ஒரு செங்குத்தான மேடு ஏற வேண்டும். அதனால் வீட்டு வாசலிலும் இந்தக் காத்திருப்பு உண்டு. சாதாரண நாளில் மூன்று நிமிடம். மூட்டை அதிகமான நாளில் ஐந்து. வண்டிச் சத்தம் கேட்டதும் ரேடியோ ஓடிப்போய் முன் இருக்கையில் ஏறிக்கொள்வாள். முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்து, “இறங்கிடுச்சு,” என்று சொல்வது அவள் உத்தியோகம். சும்மா பார்ப்பாளா? அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் யார் யாரைக் கிள்ளினார்கள், எந்த வாத்தியார் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டு மேசை முழுக்கத் தேடினார் என்று எல்லாம் ஒலிபரப்பாகும். அம்மா இருக்கையில் தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்பாள்.

உள்ளே துணி தேய்க்கும் அப்பாவுக்கு முள்ளும் தெரியாது, கோடும் தெரியாது. அம்மாவும் மகளும் அரட்டை அடிக்கிறார்கள் என்றுதான் அவர் நினைத்தார். “ரெண்டு பேரும் டீசலைக் குடிச்சு முடிச்சாச்சுன்னா சாப்பிட வரலாம்,” என்று உள்ளிருந்து குரல் கொடுப்பார்.

அம்மா போன பிறகு வண்டி ஓட்டும் வேலை அப்பாவிடம் வந்தது. அவருக்கு இஸ்திரிப் பெட்டியைத் தெரியும், ஸ்டியரிங் அவ்வளவாகத் தெரியாது. எப்போதோ எடுத்த உரிமம் மட்டும் இருந்தது. வாசலில் வந்து நின்ற வேகத்திலேயே எஞ்சினை அணைத்துவிடுவார். உள்ளே வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருக்கும் ரேடியோவின் காதில் அந்தச் சத்தம் பட்டென்று நிற்பது ஒவ்வொரு தடவையும் விழும். ‘அப்பா, முள் இன்னும் இறங்கலை’ என்று சொல்ல வாய் வரை வரும். பென்சிலைக் கடித்துக்கொண்டு மறுபடியும் எழுதத் தொடங்கிவிடுவாள்.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அம்மா நோயில் படுப்பதற்கு முந்தைய வாரம் அது. சாயங்காலம் வண்டி வந்து நின்றது. முள் கோட்டுக்கு இறங்கி வெகுநேரம் ஆகியும் அம்மா இறங்கவில்லை. ஸ்டியரிங் மேல் தலையை வைத்துக் கண்ணை மூடியிருந்தாள். ரேடியோவுக்கோ நல்ல பசி. “முள் எப்பவோ இறங்கிடுச்சு. நீ என்ன இன்னும் உட்கார்ந்திருக்கே? வாம்மா,” என்று சிணுங்கி, அவளே சாவியைத் திருகி எஞ்சினை அணைத்தாள். அம்மா மெல்ல இறங்கினாள். இறங்கியவள் கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்.

அடுத்த வாரம் அம்மாவை அதே வண்டியில் குன்றின் மேலே கொண்டுபோனார்கள். இருபது நாள் அங்கே இருந்தாள். வீடு திரும்பவில்லை.

இன்னும் கொஞ்ச நேரம் உட்கார விட்டிருந்தால் அம்மாவுக்கு ஒன்றும் ஆகியிருக்காதோ என்று ரேடியோ நினைத்தாள். பெரியவர்களிடம் கேட்டிருந்தால் அப்படியெல்லாம் இல்லை என்று சொல்லியிருப்பார்கள். அவள் கேட்கவில்லையே. கல்லை விழுங்கியவள் போல அதை உள்ளேயே வைத்திருந்தாள். முள் என்ற வார்த்தையைச் சொல்லவே அவளுக்குப் பயமாக இருந்தது.

இப்படியே நான்கு மாதம் போனதில் மாப்பிள்ளை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது. மேடு ஏறும்போது விசில் அடித்தது. பின்னால் நீலப் புகை விட்டது. அப்பா எண்ணெய் ஊற்ற ஊற்றக் குடித்துக்கொண்டே இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்பா அதை மெக்கானிக்கிடம் கொண்டுபோனார். ரேடியோவும் கூடப் போனாள்.

மெக்கானிக்கைத் தெருவில் எல்லோரும் ‘மீசை மாமா’ என்பார்கள். மீசை எப்போதோ போய்விட்டது, பெயர் மட்டும் நின்றுவிட்டது. அவர் ஒரு குழாயைக் கழற்றி உள்ளே விரலை விட்டுச் சக்கரத்தை ஆட்டிப் பார்த்தார். விரல் கரியும் எண்ணெயுமாக வெளியே வந்தது.

“ஏங்க, மேடு ஏறி வந்ததும் உடனே அணைச்சிடறீங்களா?” என்று கேட்டார்.

“வந்து சேர்ந்தப்புறம் அணைக்காம என்ன பண்றது?” என்றார் அப்பா.

“உங்க வீட்டம்மா சொல்லலையா...” என்று ஆரம்பித்த மீசை மாமா பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டார். கரி விரலைப் பழந்துணியில் துடைத்தார்.

பிறகு மீசை மாமா மெதுவாகச் சொன்னார். சூட்டோடு அணைத்து அணைத்து, உள்ளே எண்ணெய் கருகிக் கட்டியாகிக் கிடக்கிறது. சுத்தம் பண்ணி, எண்ணெயை மாற்றி, பார்த்து ஓட்டினால் இன்னும் பல வருஷம் ஓடும். இதே மாதிரி ஓட்டினால் ஒரு மாதம் தாங்காது. டர்போ போகும், கூடவே எஞ்சினையும் இழுத்துக்கொண்டு போகும்.

அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

“எனக்கும் இந்த வண்டிக்கும் ஒத்துவரலைங்க. யாராவது நல்லாப் பாத்துக்கறவங்க கேட்டாக் குடுத்திடலாம். நான் வாடகை வண்டி வெச்சுக்கறேன்.”

ரேடியோவுக்குத் திக்கென்றது. வீட்டில் அம்மாவின் புடவைகளை மடித்துப் பெட்டியில் வைத்தாகிவிட்டது. செருப்பையும் காணோம். அம்மா என்று சொல்லிப் போய் உட்கார இந்த வண்டி ஒன்றுதான் மிச்சம். அதுவும் போகப்போகிறது. நல்ல வண்டி தேடும் ஆள் ஒருவர் இருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை காலையில் அனுப்புகிறேன் என்று மீசை மாமா சொன்னதும் அவள் போய் வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா துணி தேய்க்க நின்றார். ரேடியோ மேசை ஓரத்தில் வந்து நின்றாள்.

“அப்பா, சூடான இஸ்திரிப் பெட்டியைத் துணி மேலயே வெச்சிட்டுப் போவீங்களா?”

நான்கு மாதத்தில் அவள் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுதான். அப்பா நிமிர்ந்து பார்த்தார்.

“யாராவது அப்படிப் போவாங்களா? துணி கருகிடும்.”

“வண்டியும் அப்படித்தாம்பா. நாலு நிமிஷம் ஓட விட்டாப் போதும்.”

அப்பா இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி நிறுத்தி வைத்தார். விரிப்பின் ஓரத்தை நீவினார். நேராக இருந்ததையே மறுபடியும் நீவினார்.

“மீசை சொன்னப்பவே எனக்குப் புரிஞ்சுதும்மா,” என்றார். “அங்க என்னால நாலு நிமிஷம் உட்கார முடியாது. அவ்வளவுதான்.”

அங்கே என்றால் எங்கே என்று அவளுக்குப் புரியவில்லை. அம்மாவின் இருக்கையிலா?

மறுநாள் சனிக்கிழமை, பள்ளி விடுமுறை. நானும் வருகிறேன் என்று ரேடியோ மூட்டைகளோடு மூட்டையாக ஏறிக்கொண்டாள். நாளைக்கு வண்டி இருக்காது. கடைசியாக ஒரு தடவை முன் இருக்கையில் உட்கார்ந்துவிட்டு வரலாம் என்று அவளுக்கு ஆசை. அம்மா போன பிறகு குன்றின் மேலே அவள் போனதேயில்லை.

வண்டி விசிலடித்துக்கொண்டு மேடு ஏறியது. அப்பா மூன்றாவது கியரிலேயே போட்டு மிதித்தார். முள் தடிக் கோட்டைத் தாண்டியது. ரேடியோ பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

மருத்துவமனையின் பின்வாசலில் ஒரு குறுகலான முற்றம். ஒரு பக்கம் துணிக் கிடங்கு, எதிரே வார்டு. மலைச்சரிவு என்பதால் முற்றம் உயரத்தில் இருந்தது. மாடி வார்டின் ஜன்னல்கள் வண்டிக்கு நேர் எதிரே தெரிந்தன. அந்த இடத்தில் வண்டியைத் திருப்பி நிறுத்தவும் வழியில்லை. முகத்தை வார்டுப் பக்கம் வைத்துத்தான் நிறுத்த முடியும்.

சக்கரம் நிற்கும் முன்பே அப்பா எஞ்சினை அணைத்தார். குனிந்த தலை நிமிராமல் இறங்கிப் போனார். மூட்டைகளைக் கிடங்கு வாசற்படியில் பொத்துப்பொத்தென்று போட்டு, அங்கே கட்டி வைத்திருந்த அழுக்குத் துணியை அள்ளி ஏற்றினார். கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் அக்கா, “உள்ள வந்து ஒரு வாய் தண்ணியாவது குடிச்சிட்டுப் போங்க,” என்று வெளியே வருவதற்குள், வண்டி பின்னால் நகரத் தொடங்கிவிட்டது.

அப்போதுதான் ரேடியோ எதிரே பார்த்தாள். மூன்றாவது ஜன்னல். அவளுக்கு அந்த ஜன்னலைத் தெரியும். அதன் ஓரமாகத்தான் அம்மாவின் கட்டில் இருந்தது. இருபது நாளும் அப்பா அந்த ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார்.

அவருடைய ‘அங்கே’ இதுதான். தினமும் இரண்டு தடவை மூட்டையைச் சுமந்துகொண்டு இந்த ஜன்னலுக்கு முன்னால் வந்து நிற்கிறார். எஞ்சினை ஓட விட்டு இதற்கு எதிரே எப்படி உட்கார்ந்திருப்பார்?

பாவம் அப்பா என்று அவளுக்கு முதல் தடவையாகத் தோன்றியது. இத்தனை நாள் தன் துக்கம் ஒன்றுதான் அவள் கண்ணுக்குத் தெரிந்திருந்தது. மலையிறங்கும்போதும், வீட்டில் சாப்பிடும்போதும், மூட்டை கட்ட உதவும்போதும் அவள் இதையே யோசித்துக்கொண்டிருந்தாள். ஜன்னலை இடம் மாற்ற முடியாது. வண்டியைத் திருப்பி நிறுத்த முடியாது. அப்பாவின் கண்ணைக் கட்டிவிட முடியுமா? கண்ணைக் கட்டினால் வண்டியை யார் ஓட்டுவது?

பிற்பகல் நடைக்கும் அவள் ஏறிக்கொண்டாள். மேடு தொடங்கியது. முள் தடிக் கோட்டை நெருங்கியது. ரேடியோ மீட்டரைத் தொட்டுக் காட்டினாள்.

“அப்பா, முள்ளு ஏறுது. ரெண்டாவது கியர் போடுங்க.”

அப்பா திகைத்துப் போனார். ஆனால் சொன்னதைச் செய்தார். எஞ்சின் உறுமியது, விசில் குறைந்தது, முள் கோட்டுக்குக் கீழே வந்தது. “அட,” என்றார் அப்பா. அந்த இரண்டு கோடுகளையும் அவர் அன்றுதான் கவனித்தார். அவற்றை யார் போட்டது என்று கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை.

முற்றத்தில் வண்டி நின்றது. அப்பாவின் கை சாவிக்குப் போனது. ரேடியோ அந்தக் கையின் மேல் தன் கையை வைத்தாள்.

“அணைக்காதீங்கப்பா. முள்ளு இன்னும் இறங்கலை.”

“விடும்மா.”

“நாலே நிமிஷம்பா.”

“என்னால முடியாது கண்ணு.” அப்பாவின் தலை குனிந்தேயிருந்தது. “எதிர்ல அந்த ஜன்னல் இருக்கு.”

“தெரியும்பா. நீங்க ஜன்னலைப் பாக்க வேணாம். நீங்க முள்ளைப் பாருங்க. ஜன்னலை நான் பாத்துக்கறேன்.”

அப்பா அவளைப் பார்த்தார். பிறகு, பள்ளிக்கூடப் பிள்ளை கரும்பலகையைப் பார்ப்பது போல, மீட்டரை உற்றுப் பார்க்கத் தொடங்கினார். சாவியிலிருந்து கை மெல்ல விலகியது.

ரேடியோ நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவளுக்கும் அங்கே பார்க்கப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் வாக்குக் கொடுத்தாகிவிட்டது. மூன்றாவது ஜன்னலைப் பார்த்தாள்.

“ஜன்னல் திறந்திருக்குப்பா,” என்று ஆரம்பித்தாள். “திரையை ஒரு பக்கமா ஒதுக்கி விட்டிருக்காங்க. ஒரு தாத்தா உட்கார்ந்திருக்கார். ஆரஞ்சுப் பழம் உரிக்கறார். தோலை எல்லாம் ஜன்னல் கட்டையில வரிசையா அடுக்கறார். நர்ஸ் வந்துட்டாங்க. திட்டறாங்கன்னு நினைக்கறேன். அவங்களுக்கும் ஒரு சுளை நீட்டறார். வேணாங்கறாங்க. இவரு விடலை. வாங்கிட்டாங்க. வாயில போட்டுட்டாங்க. இப்ப ரெண்டு பேரும் சிரிக்கறாங்க.”

அப்பாவின் கண் மீட்டரிலேயே இருந்தது.

“விரிப்பு எப்படி இருக்கு?” என்று கேட்டார்.

“வெள்ளை வெளேர்னு இருக்கு. ஓரம் நேரா இருக்கு. நம்ம விரிப்புதாம்பா.”

அப்பா தலையை ஆட்டினார். கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்து சட்டையில் விழுந்தது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை.

“அன்னைக்கும் நம்ம விரிப்புதான். நானே தேய்ச்சு, நானே விரிச்சேன். உங்கம்மா தடவிப் பாத்துட்டு, ஓரத்துல ஒரு சுருக்கம் இருக்கேன்னு சொன்னா. அந்த நிலைமையிலயும் அவளுக்கு அது கண்ணுல பட்டுது பாரேன்.”

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. ரேடியோவும் அழுதாள். அழுதுகொண்டே, உள்ளே கிடந்த அந்தக் கல்லையும் வெளியே போட்டுவிட்டாள். அன்றைக்கு அம்மா ஸ்டியரிங்கில் தலை சாய்த்திருந்ததை, தான் சிணுங்கியதை, சாவியைத் திருகியதை, எல்லாவற்றையும் சொன்னாள்.

“நான் அம்மாவை உட்கார விட்டிருக்கணும்பா. நான்தான் இறக்கி விட்டேன்.”

அப்பா இப்போது முள்ளை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

“இதையா இத்தனை நாளா மனசுல வெச்சிருந்தே? அன்னைக்கு உள்ள வந்ததும் அம்மா என்கிட்டச் சொன்னா. ‘வண்டியிலேயே தூங்கிப்போயிருப்பேன், நல்லவேளை உங்க பொண்ணு பசிக்குதுன்னு இழுத்துட்டு வந்தா’ன்னு. உனக்குச் சோறு போடும்போதும் அதைச் சொல்லிச் சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்தா. அம்மாவுக்கு ரொம்ப நாளாவே உள்ளுக்குள்ள உடம்பு முடியலைம்மா. நம்மகிட்டச் சொல்லலை. டாக்டருக்கே கடைசியிலதான் தெரிஞ்சுது. நீ அணைச்சதால எதுவும் ஆகலை. நிஜமா.”

“நிஜமாவா?”

“உன்மேல ஆணையா.”

ரேடியோ அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். எஞ்சின் நிதானமாக ஓடிக்கொண்டிருந்தது. கிடங்கு அக்கா வாசலில் வந்து எட்டிப் பார்த்தாள். இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, கூப்பிடாமல் உள்ளே போய்விட்டாள். நல்ல மனுஷி.

கொஞ்ச நேரம் கழித்து அப்பாதான் சொன்னார்.

“இறங்கிடுச்சு.”

முள் மெல்லிய கோட்டின் மேல் நின்றது. அப்பா இன்னும் ஒரு கணம் பார்த்து உறுதி செய்துகொண்டு சாவியைத் திருப்பினார். முற்றம் அமைதியானது. அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு கீழே இறங்கி, ஒரு மூட்டையைத் தோளில் ஏற்றினார். இன்றைக்கு அதை வாசற்படியில் போடவில்லை. கிடங்குக்குள்ளேயே கொண்டுபோய் அலமாரியில் ஒவ்வொரு விரிப்பாக அடுக்கினார். ரேடியோ தலையணை உறைகளை எடுத்துக் கொடுத்தாள். கிடங்கு அக்கா இரண்டு பேருக்கும் தண்ணீர் கொடுத்தாள். அப்பா முழுச் செம்பையும் குடித்தார்.

வெளியே வந்தபோது அப்பா வண்டிக்குப் பக்கத்தில் நின்று மூன்றாவது ஜன்னலை நிமிர்ந்து பார்த்தார். தாத்தா அடுத்த பழத்தை எடுத்திருந்தார். எதிரே ஒருவர் தன்னையே பார்ப்பதைக் கண்டு, உனக்கும் வேண்டுமா என்பது போலப் பழத்தைத் தூக்கிக் காட்டினார். அப்பா வேண்டாம் என்று கையசைத்தார். அசைத்த கையை உடனே கீழே போடவில்லை.

பிறகு சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து மீசை மாமாவைக் கூப்பிட்டார். நாளைக்கு அந்த ஆளை அனுப்ப வேண்டாம், வண்டியைக் கொடுப்பதாக இல்லை, திங்கட்கிழமை சுத்தம் பண்ணக் கொண்டுவருகிறேன் என்றார். மீசை மாமாவின் குரல் போனுக்கு வெளியிலும் கேட்கும் குரல்.

“ஏங்க, ஒரே நாள்ல வண்டி ஓட்ட வந்திடுச்சா?” என்று அவர் கேட்டது ரேடியோவுக்கும் கேட்டது.

“ஓட்ட இன்னும் சரியா வரலைங்க,” என்றார் அப்பா. “நிறுத்த வந்திடுச்சு.”